பெண்கள் தொடக்கூடாத முரசு: ருவாண்டாவில் அதைக் கையில் எடுத்தவர்கள்

வெண்பனி எழுதியது:

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் தென்பகுதியில் ஹூயே என்று ஓர் ஊர். 2006 வரை அதன் பெயர் புடாரே. பல்கலைக்கழகம் உள்ள ஊர் என்பதால், பாடம் நடத்தப் போன தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது பழக்கம். நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். அங்கே பார்த்த ஒரு குழுவைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

குழுவின் பெயர் இங்கோமா ன்ஷ்யா. முழுக்கப் பெண்கள் முரசு கொட்டும் குழு. ஒடில் கக்கிரே கடேசே என்ற நாடகக் கலைஞர் 2004-ல் தொடங்கினார். கிகி என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

ருவாண்டாவில் அதற்கு முன் பெண் முரசைத் தொட்டதில்லை. முரசு அரசனுடையது. கலிங்கா என்ற அரச முரசு யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் நாடு என்று நம்பியவர்கள். 1961-ல் முடியாட்சி போய்விட்டது, முரசைச் சுற்றியிருந்த விலக்கு மட்டும் போகவில்லை. பெண் ஆடலாம், பாடலாம், கை தட்டலாம். நீண்ட கொம்புள்ள மாட்டைப் போல இரு கைகளையும் விரித்து உயர்த்தி மெல்ல ஆடும் ஆட்டம் அவர்களுடையது, அழகோ அழகு. முரசு கூடாது. ஏன் என்று கேட்டால், கனமான பொருள், பெண்ணால் தூக்க முடியாது என்ற பதில் வரும். முதுகில் பிள்ளையும் தலையில் தண்ணீர்க் குடமுமாகப் பெண்கள் மேடேறும் நாட்டில் இந்தப் பதில்!

1994-ல் நடந்த இனப்படுகொலையில், ஏறக்குறைய நூறு நாட்களில், சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு அது. பிறகு எஞ்சியவர்களில் பெண்களே அதிகம். ஒருத்தியின் கணவன் கொல்லப்பட்டிருப்பான், அடுத்த வீட்டுக்காரியின் கணவன் கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பான். இருவருக்கும் சந்தை ஒன்றுதான், தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். இங்கோமா ன்ஷ்யாவில் இரண்டு பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள்.

ஒத்திகையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நின்றபடி, இரண்டு குச்சிகளால், முழு உடம்பையும் போட்டு அடிக்கிறார்கள். இஷாக்வே என்ற சிறிய முரசு காலத்தைப் பிடித்துக் கொடுக்கும், மற்றவை அதன் மேல் ஏறும். பக்கத்தில் நிற்பவளைக் கேட்காமல் யாராலும் ஓர் அடிகூடச் சரியாக வைக்க முடியாது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, 1994 பற்றிப் பேசச் சொல்லவில்லை. வந்தால் போதும், அடித்தால் போதும்.

"இசை காயத்தை ஆற்றியது" என்று இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. வீட்டை விட்டு வெளியே தனக்கென ஓர் இடம், குறித்த நேரம், கைக்கு வந்த ஒரு வித்தை, நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் பணம், இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பலம். 2010-ல் அதே ஊரில் இன்சோசி ன்சிசா என்ற ஐஸ்கிரீம் கடையைக் கூட்டுறவாகத் திறந்தார்கள், நியூயார்க்கின் புரூக்ளினில் ஐஸ்கிரீம் கடை நடத்தும் பெண்கள் உதவினார்கள். முரசு கற்றுக்கொண்ட கைதான் கடைத் திறவுகோலையும் வாங்கியது. 1999-ல் பெண்களுக்கு நிலத்தில் வாரிசுரிமை தந்து சட்டம் வந்திருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேறு நாடுகளில் இப்படிப்பட்ட குழுக்களைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

---

தஞ்சை மேலவீதி எழுதியது:

நல்ல பதிவு அம்மா. ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, வெளிப்படையாகவே கேட்கிறேன்.

நம் சங்கப் பாட்டிலும் முரசு சாதாரணப் பொருளாக இல்லை. அதற்குத் தனிக் கட்டில் உண்டு, நீராட்டு உண்டு. நீராட்டக் கொண்டுபோன நேரத்தில் களைப்போடு வந்த மோசிகீரனார் அந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட, சேர மன்னன் அவரை வெட்டாமல் பக்கத்தில் நின்று விசிறியதைப் புறநானூறு 50-வது பாட்டு சொல்கிறது. வெட்டாமல் விட்டதே பாடத்தக்க செய்தி என்றால் விதி எவ்வளவு கடுமையாக இருந்திருக்கும்! கலிங்கா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இப்படி ஒரு புனிதம் உள்ள கருவியை, யாருக்கு உரியதோ அவர்களைக் கேட்காமல் மேடைக்கு எடுத்து வந்தால், பார்ப்பவர்களுக்காகச் செய்யும் காட்சியாக அது மாறிவிடாதா? பெண்கள் கூடாது என்று நான் சொல்லவில்லை. மரபுக்கு என்ன ஆகிறது என்பதே என் கேள்வி.

---

வெண்பனி எழுதியது:

ஐயா, கேட்டது நல்லதுதான். அந்தப் பெண்களையும் ஊரில் இதே கேள்வி கேட்டார்கள்.

அரசன் இல்லை, அரண்மனைச் சடங்கு இல்லை. ஆண்கள் குழுக்கள் அதே முரசை அரசு விழாவிலும் கல்யாணத்திலும் கொட்டிக்கொண்டிருந்தன, அதனால் புனிதம் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆண் மேடையில் கொட்டினால் மரபு, பெண் கொட்டினால் காட்சி என்றால், அங்கே காக்கப்படுவது புனிதம் இல்லை என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. கற்றுக்கொடுக்க ஆண் கலைஞர்களும் வந்தார்கள். அந்த அடிகளை அவர்கள் கொடுத்தார்கள், இவர்கள் வாங்கினார்கள். மரபு கைமாறுவது இப்படித்தானே?

---

எல்லைக்கோடு எழுதியது:

பக்கத்து நாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். புருண்டி. ஒரே மாதிரி மலை, நெருங்கிய மொழி, ஒரே பெல்ஜியக் காலனி ஆட்சி, அங்கேயும் அரச முரசு. 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் புருண்டியின் அரச முரசு ஆட்டத்தைச் சேர்த்தது. 2017 அக்டோபரில் அந்நாட்டு அதிபர் கையெழுத்திட்ட ஆணை, பெண்கள் முரசு கொட்டக் கூடாது என்று சட்டமாகவே எழுதிவிட்டது. பெண்கள் தங்களுக்குரிய நாட்டுப்புற ஆட்டத்தை ஆடிக்கொள்ளலாம் என்று சலுகை வேறு.

தஞ்சை ஐயா, மரபை அதன் போக்கில் விட்டால் அது என்ன ஆகும் என்பது ஒரு கேள்வி. ஆனால் புருண்டியில் அதை அதன் போக்கில் விடவே இல்லை. பெண்கள் கொட்டத் தொடங்கியிருந்ததால்தான் தடை போட ஆணை தேவைப்பட்டது. யாரும் செய்யாத காரியத்துக்கு யார் சட்டம் போடுவார்கள்?

---

மணல்மேடு எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. "ஆப்பிரிக்காவில் பெண்களுக்கு முரசு மறுக்கப்பட்டது" என்று படிப்பவர்கள் மொத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது.

சகாராவின் துவாரெக் மக்களிடம் தெண்டே என்ற முரசு பெண்களுடையது. அதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? தானியம் குத்தும் மர உரலின் வாயில் ஈர ஆட்டுத் தோலைப் போர்த்துவார்கள். இரண்டு பக்கமும் உலக்கைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் மேல் பெண்கள் உட்காருவார்கள். உட்காருகிறவர்களின் பாரம்தான் தோலை இழுத்துப் பிடிக்கும். ஒருத்தி நடுவில் கொட்டிப் பாடுவாள், மற்றவர்கள் கை தட்டித் திருப்பிப் பாடுவார்கள், ஆண்கள் ஒட்டகத்தில் ஏறி அவர்களைச் சுற்றி வருவார்கள். பாட்டு முடிந்ததும் கட்டை அவிழ்த்தால் மறுபடியும் உரல்! ஒருத்தி தனியாக அந்த முரசைச் செய்யவே முடியாது, உலக்கையில் உட்கார இன்னும் இரண்டு பேராவது வேண்டும். சேர்ந்திருப்பது அங்கே கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. அதே மக்களின் இம்சாத் என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தையும் பெண்கள் மட்டுமே வாசிப்பார்கள், 2013-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ பகுதி வெண்டா மக்களிடமும் அப்படித்தான். பருவமடைந்த பெண்களுக்கான தோம்பா சடங்கில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கை கோத்து நீண்ட வரிசையாகப் பாம்பு போல நெளிந்து ஆடுவார்கள். முரசுகளையும் பெண்களே கொட்டுவார்கள்.

---

லாச்சப்பல் பெட்டை எழுதியது:

வெண்பனி அக்கா, நான் பரிஸில் இருக்கிறேன். லாச்சப்பல் எங்கட கடைத்தெரு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஷாத்தோ ரூஜ், ஆபிரிக்கச் சந்தை. கீரைக்கும் மீனுக்கும் போய் வந்த இடத்தில்தான் ஒரு சுவரில் கினி நாட்டு நடன வகுப்பின் அறிவித்தல் பார்த்தேன். பார்த்துவிட்டு நெடுநாள் போகவில்லை. வேலை, வீடு, பிள்ளைகள். பிறகு ஒரு சிநேகிதி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பு எப்படியென்று சொல்கிறேன். வெறுங்கால், முழங்கால் எப்பவும் மடங்கி இருக்க வேண்டும், பாரம் நிலத்தை நோக்கி. சின்னனில் கொஞ்சம் பரதம் பழகினதால் அரைமண்டி எனக்குக் கைகொடுத்தது, ஆனால் தோளையும் முதுகையும் விட்டுக்கொடுக்கத்தான் கஷ்டப்பட்டேன். படிகள் பழகின பிறகு வரிசை வரிசையாக அறையின் ஒரு முனையிலிருந்து மேளக்காரர்களை நோக்கி ஆடிக்கொண்டு போக வேண்டும். ஜெம்பே என்றால் வெறுங்கையால் அடிக்கும் மேளம். தலைமை ஜெம்பே ஓர் அழைப்பு அடிக்கும், அந்தக் கணமே எல்லாரும் படியை மாற்ற வேண்டும். கடைசியில் வட்டம். ஒவ்வொருத்தராக நடுவில் வந்து தனக்குத் தெரிந்ததை ஆடிவிட்டுப் போக வேண்டும். முடிந்ததும் நிலத்தைத் தொட்டு மேளக்காரர்களுக்கு நன்றி சொல்லுவோம்.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யிறவ, பள்ளிக்கூட ரீச்சர், மார்த்தினிக்கிலிருந்து வந்த ஒரு பென்ஷன்காரி, இங்கேயே பிறந்த கினிப் பிள்ளைகள், நாங்கள் ஒரு சில தமிழ்ப் பெண்கள். ஒரு கிழமை போகாவிட்டால் போன் வரும். எனக்குச் சுகமில்லாமல் போனபோது சோறு கொண்டு வந்தவர்களும் அவர்கள்தான்.

எங்களுக்குப் பிடித்த தாளம் மொரிபயாசா. கினியின் மலிங்கே இனத்துப் பெண்களுடையது. பெரிய துயரத்திலோ, பிள்ளையில்லாத கவலையிலோ ஒருத்தி நேர்த்தி வைப்பாள். அது நிறைவேறினால் கந்தல் உடுத்திக்கொண்டு, பாட்டும் மேளமும் முன்னால் போக, ஊரைச் சுற்றி ஆடுவாள். பிறகு அந்தக் கந்தலைக் கழற்றிப் புதைத்துவிடுவாள். எங்கட நடன ரீச்சர் இதை விளங்கப்படுத்தின அன்று எங்கட வரிசையில் இருந்த எல்லாரும் அழுதோம். நேர்த்திக்கடன் என்றால் எங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

குறையும் சொல்ல வேண்டும். மேளக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். நான் ஜெம்பே பழகப் போறேன் என்று இன்னொரு வகுப்பில் கேட்டபோது, பெண்களுக்கு நடனம்தான் சரி என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். பிறகு பெண்களே நடத்தும் ஒரு வகுப்பைத் தேடிப் பிடித்தேன். இப்ப தூணூன் என்ற உருளை மேளம் வாசிக்கிறேன்.

---

எல்லைக்கோடு எழுதியது:

லாச்சப்பல் தங்கச்சி சொன்னதற்குச் சின்ன இணைப்பு. மேடைக் கினி நடனத்துக்கும் பரிஸுக்கும் பழைய உறவு. ஃபோதேபா கெய்தா 1950-களின் தொடக்கத்தில் பரிஸில்தான் லே பாலே ஆஃப்ரிக்கேன் குழுவை உருவாக்கினார். 1958-ல் கினி விடுதலை பெற்றதும் அது நாட்டின் தேசியக் குழு ஆனது. ஊரில் வட்டமாக இருந்த ஆட்டம் மேடைக்காக நேர்வரிசையாக மாறியது இவர்கள் காலத்தில்தான். வகுப்பில் முதலில் வரிசை, கடைசியில் வட்டம் என்கிறாரே, அதில் இரண்டும் தங்கியிருக்கின்றன.

கினியின் தலைநகர் கொனாக்ரியிலேயே 1998-ல் மாமூது கொண்டே என்பவர் பெண்களை மட்டும் சேர்த்து ஒரு ஜெம்பே குழுவை அமைத்தார். முதலில் அமேசோன்கள் என்று அழைக்கப்பட்டு, பிறகு நிம்பாயா என்று பெயர் பெற்றது. வெளிநாடுகளிலும் வாசித்திருக்கிறார்கள்.

---

கடலோரத்து வீடு எழுதியது:

செனகலின் தலைநகர் டாக்கரில் சில வருஷம் இருந்தவள் நான். எல்லாரும் முரசைக் கையில் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

செனகலில் சபார் என்ற முரசு இருக்கிறது. ஒரு கையில் குச்சி, மறு கை வெறும் கை. கொட்டுகிறவர்கள் கெவெல் என்ற பாணர் குலத்து ஆண்கள். ஆனால் சபார் ஆட்டத்தைக் கூட்டுகிறவர்கள் பெண்கள். தெருவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, இருப்பதிலேயே நல்ல புடவை மாதிரி அவர்களுடைய புபு அங்கியை உடுத்திக்கொண்டு, பிற்பகல் வெயில் தணிந்ததும் உட்காருவார்கள். ஒருத்தி எழுந்து வட்டத்துக்குள் பாய்வாள். சில நொடிதான். கால் தெறிக்கும், கை சுழலும், முரசுக்காரர் அவள் காலைக் கண்ணால் பிடித்து அடிக்க வேண்டும். பிடிக்காமல் தவறவிட்டால் கேலி அவருக்குத்தான். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

பல வட்டாரங்களில் இதன் பின்னால் சீட்டு இருக்கும். நம் ஊர்ச் சீட்டுதான், வேறில்லை. மாதாமாதம் பெண்கள் பணம் போடுவார்கள், முறை வந்தவள் வீட்டில் கூடுவார்கள், மொத்தப் பணமும் அவளுக்கு. அன்றைக்கு முரசுக்காரர்களை அழைப்பதும், பேரம் பேசுவதும், ஆடும்போது நோட்டை நீட்டுவதும் பெண்கள். அந்தச் சீட்டுப் பணத்தில் துணி வியாபாரம் தொடங்கியவர்களை எனக்கே தெரியும். ஆக, அங்கே பெண் முரசைத் தொடுவதில்லை, ஆனால் முரசு யாருக்காக எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறாள். இது குறைந்த பலமா?

அதையும் தாண்டினார்கள். டாக்கரின் பெரும் முரசுக் கலைஞர் டூடூ ன்ஜாய் ரோஸ் (1930–2015) தன் மகள்களையும் குடும்பத்துப் பெண்களையும் சேர்த்து லே ரோசெத் என்ற பெண்கள் சபார் குழுவை ஏற்படுத்தினார். அவர் பேரைச் சொல்லி வீட்டுப் பெண்களே முரசெடுத்தபோது தடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

---

வெண்பனி எழுதியது:

கடலோரத்து வீடு, நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். பணமும் வட்டமும் பெண்கள் கையில் இருந்தால் முரசு யார் கையில் இருந்தாலும் அவள் பலமாகத்தான் இருப்பாள். ஹூயேயில் அந்த வட்டமே இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கூடும் இடங்கள் எல்லாம் 1994-ல் உடைந்துபோயின. தேவாலயத்துக்குள்ளேயே கொலை நடந்த நாட்டில், பழைய கூட்டம் எதுவும் பழையபடி மிஞ்சவில்லை. புதிதாக ஒன்று வேண்டியிருந்தது, யாருடைய பழைய நினைவும் ஒட்டாத ஒன்று. பெண்கள் எவருமே முன்பு தொடாத முரசு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. எல்லோரும் ஒரே நாளில் ஒன்றும் தெரியாதவர்களாகத் தொடங்கினார்கள். ஒருத்திக்கு ஒருத்தி மேல், கீழ் இல்லை.

---

பறைக்குரல் எழுதியது:

திண்டுக்கல் பக்கம் பறை கற்றவள் நான். வெண்பனி அக்காவின் பதிவைப் பக்கத்து வீட்டுக் கதை மாதிரிதான் படித்தேன்.

1990-ல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். தலித் பெண் பிள்ளைகள் அங்கே பறையும் தையலும் படிப்பும் சேர்த்துக் கற்றார்கள், மேடையில் அடவு போட்டு ஆடிக்கொண்டே அடித்தார்கள். பறையை ஆண்கள்தான் அடிக்க வேண்டும், அதுவும் சாவு வீட்டில், அதுவும் இந்தச் சாதிதான் என்றிருந்த இடத்தில்.

இரண்டு நாட்டுக்கும் ஒரு வித்தியாசம் எனக்குப் படுகிறது. அங்கே முரசு மிக உயர்ந்தது என்று சொல்லிப் பெண்ணை விலக்கினார்கள். இங்கே பறை இழிவு என்று சொல்லி ஒரு சமூகத்தையே ஒதுக்கினார்கள், அதற்குள்ளும் பெண்ணை ஒதுக்கினார்கள். சொன்ன காரணங்கள் நேர் எதிர். பெண்ணுக்குக் கிடைத்த பதில் ஒன்றேதான்.

கடலோரத்து வீடு அக்கா கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். தொடுவது முக்கியம். பறையைத் தீயில் காய்ச்சித் தோள்வாரை மாட்டி முதல் அடி அடிக்கும்போது அது வயிற்றில் கேட்கும். அடுத்தவர் அடிப்பதைக் கேட்டால் அது வராது.

---

தஞ்சை மேலவீதி எழுதியது:

எல்லோர் பதில்களையும் படித்தேன். புருண்டி ஆணை பற்றிய செய்தி என்னை யோசிக்க வைத்தது. அரச முரசின் புனிதம் பற்றி என் மதிப்பு குறையவில்லை, ஆனால் அதைக் காப்பதற்குப் பெண்ணை விலக்குவது வழியில்லை என்பதை ஏற்கிறேன். பறைக்குரல், உங்கள் கடைசி வரிகளை என் பேத்திக்குப் படித்துக் காட்டினேன் அம்மா. மிருதங்கம் கற்கிறாள்.

---

நயாகரா நிலா எழுதியது:

டொரன்டோவில் இருக்கிறேன், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த இழையைப் படித்த பிறகு சேரலாம் என்று ஆசை வந்திருக்கிறது. முழங்கால் கொஞ்சம் பலவீனம். நடனமா, மேளமா? ஜெம்பே இப்போதே வாங்க வேண்டுமா?

---

லாச்சப்பல் பெட்டை எழுதியது:

வாங்கோ அக்கா. ஜெம்பேயை இப்ப வாங்காதேங்கோ, அனேகமான வகுப்புகளில் இரவல் தருவார்கள். முழங்கால் நோகுமென்றால் தூணூனில் தொடங்குங்கோ. மாட்டுத் தோல் போர்த்த உருளை மேளம், குச்சியால் அடிப்பது. கெங்கெனி, சங்பான், தூணூன்பா என்று மூன்று அளவு. ஜெம்பேக்காரர் எவ்வளவு பறந்தாலும் தாளம் இந்த மூன்றில்தான் நிற்கும். கெங்கெனிதான் சின்னது, அதன் அடி திரும்பத் திரும்ப ஒன்றே வரும், முதலில் அதைப் பிடிக்கலாம்.

ஜெம்பேக்கு வந்தால் முதல் வேலையாக மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வையுங்கோ, தோலும் கிழியும் கையும் வீங்கும். மேளத்தைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து வைக்க வேண்டும், அடிவாய் நிலத்தில் அடைபட்டால் நடுவில் அடிக்கும் கனத்த நாதம் வெளியே வராது. பலத்தால் அடிக்காதேங்கோ. நெடுநேரம் ஓங்கி அடித்த பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும், அப்படி வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கோ. நடனமும் ஆட ஆசையென்றால் மரத் தரை உள்ள இடமாகப் பாருங்கோ, கொங்கிறீற் தரையில் வெறுங்காலோடு குதித்தால் முழங்கால் தாங்காது.

சேர முன்னம் இரண்டு விஷயம் விசாரியுங்கோ: படிப்பிக்கிறவருக்கும் மேளக்காரர்களுக்கும் ஒழுங்காகச் சம்பளம் போகிறதா, பெண்களுக்கு மேளம் தருவார்களா. இரண்டுக்கும் ஓம் என்றால் அன்றைக்கே பெயரைக் குடுத்துவிடுங்கோ.